திறக்க மறுக்கும் காணொளி

கோடை விடுமுறையில் மகிழுந்திலேயே சொந்த ஊருக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. சீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 தில்லி, ஆக்ரா, நாகபுரி, ஐதராபாத்து, பெங்களூரு, சேலம், மதுரை ஆகிய ஊர்களை ஒரே சாலையாக இணைக்கிறது. அச்சாலையில் செல்லும் வண்டிகள் பலவற்றின் முன்கண்ணாடியில் ஒரு சிறு படக்கருவியைக் காணலாம். அதனை டேஷ்கேம் என்பர். வண்டி ஓடும் நேரமெல்லாம் அது எதிரே உள்ள சாலையைப் பதிவு செய்துகொண்டேயிருக்கும்.

மோதல் ஒன்று நேர்ந்து, தவறு எவருடையது என்னும் வினா எழும்போதுதான் அப்பதிவின் அருமை தெரியும். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுக்க எண்ணிக் கணினியின் தொகுப்பு மென்பொருளில் அக்கோப்பை இட்டால், சிலருக்குத் திரை கறுப்பாகவே நிற்கும். சிலருக்கு ஒலி கேட்கும், படம் வாராது. ஆனால், அதே கோப்பு விஎல்சி என்னும் மென்பொருளில் தடையின்றி ஓடும். இம்முரண்பாட்டின் காரணத்தை இப்பாடத்தில் அறிவோம்.

முதலில் ஒரு கணக்கு. முழு எச்.டி. படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 3 பைட்டு. விநாடிக்கு 30 படங்கள். அவ்வாறே சேமித்தால் விநாடிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட்டு தேவைப்படும். 64 ஜிகாபைட்டு நினைவக அட்டை ஆறு நிமிடத்திற்குள் நிறைந்துவிடும்! ஆகவே, கருவி படங்களைச் சுருக்குகிறது. ஒரு படத்தை முழுமையாக எழுதிவைத்து, அடுத்து வரும் படங்களில் மாறிய பகுதிகளை மட்டும் குறித்துக்கொள்கிறது. விநாடிக்கு 2 மெகாபைட்டு அளவிற்குச் சுருக்கினால், அதே அட்டையில் எட்டு மணி நேரத்திற்கும் மேலான பதிவு அடங்கும்.

இவ்வாறு சுருக்கி எழுதவும், மீண்டும் விரித்துப் படிக்கவும் பயன்படும் முறைக்குக் கோடெக் என்று பெயர். தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இன்னும் அமையாமையால், நாமும் அவ்வாறே வழங்குவோம். 2003இல் வெளிவந்த எச்.264, 2013இல் வெளிவந்த எச்.265 ஆகிய இரண்டும் டேஷ்கேம்களில் மிகுதியாகக் காணப்படுபவை. பின்னது ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும். ஆயினும், அதனை விரித்துப் படிக்கக் கணினி மிகுதியாக உழைக்க வேண்டும். மேலும், அதற்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. அதனால் விண்டோஸ் கணினிகள் பலவற்றில் எச்.265 படிக்கும் நீட்சியைத் தனியே பெற வேண்டியுள்ளது. விஎல்சியோ தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னுடனேயே கொண்டுள்ளது.

கோடெக் வேறு, அதனைத் தாங்கும் கோப்பு வகை வேறு. ஊரிலிருந்து பாட்டி முறுக்கை பிஸ்கட் டப்பாவில் இட்டு அனுப்புவதில்லையா? டப்பாவின் மேலுள்ள பெயரைக் கொண்டு உள்ளிருப்பதை அறிய இயலாது. எம்.பி.4, டி.எஸ். என்பன டப்பாக்கள், எச்.264, எச்.265 என்பன உள்ளிருக்கும் பண்டம். கோப்பின் பெயரிலுள்ள ஈற்றெழுத்துகளை மாற்றுவதால் பண்டம் மாறிவிடாது.

டேஷ்கேம்கள் சில டி.எஸ். என்னும் டப்பாவை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. எம்.பி.4 கோப்பு ஒரு நூலைப் போன்றது. எந்தப் படம் எங்கே உள்ளது என்னும் பொருளடக்கத்தைக் கருவி பெரும்பாலும் பதிவு முடிந்த பின்னரே எழுதுகிறது. மோதலின் அதிர்ச்சியில் மின்சாரம் அறுந்தால் பொருளடக்கம் எழுதப்படாது. படங்கள் அனைத்தும் அட்டையில் இருந்தும் கோப்புத் திறவாது. எந்த நொடிக்காகக் கருவியை வாங்கினோமோ அந்த நொடியே கைவிட்டுப் போகும். டி.எஸ். முறையோ தொலைக்காட்சி ஒளிபரப்பிற்கென உருவானது. நிகழ்ச்சியின் நடுவில் பெட்டியை இயக்கினாலும் படம் தெரிய வேண்டுமல்லவா? ஆதலால், தரவு முழுவதும் 188 பைட்டு அளவுள்ள சிறு பொதிகளாகச் செல்லும். எங்கே அறுந்தாலும் அதுவரை வந்த பொதிகளைப் படிக்கலாம். எம்.பி.4 வகையையே பயன்படுத்தும் கருவிகளில், கோப்பை முடித்து வைக்கச் சில விநாடி மின்சாரம் தருவதற்காகச் சிறு மின்கலமோ மின்தேக்கியோ வைத்திருப்பர்.

இனி, தீர்வுக்கு வருவோம். மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால், டப்பா எது, கோடெக் எது, விநாடிக்கு எத்தனை படங்கள் என்பவை தெரியும். இதனைப் பாராமல் கண்ட மென்பொருள்களையெல்லாம் நிறுவிப் பார்ப்பது வீண் வேலை. உள்ளே எச்.264 இருந்து டப்பா மட்டும் டி.எஸ். எனில், டப்பாவை மாற்றினாலே பெரும்பாலும் போதும். எஃப்எஃப்எம்பெக், லாஸ்லெஸ்கட் ஆகியவை இதனை விரைவில் செய்யும். படத்தின் தரம் சிறிதும் குறையாது. கோடெக்கே தடையாயின் ஹேண்ட்பிரேக் கொண்டு எச்.264 முறைக்கு மாற்ற வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். தரமும் சற்றுக் குறையும். அப்போது படங்களின் வேகத்தை மாறாத வேகமாக அமைத்துவிடுவது நன்று. வேகம் ஏறி இறங்கும் கோப்புகளில் ஒலி ஓரிடத்திலும் காட்சி வேறிடத்திலுமாக விலகிச் செல்வதுண்டு. பொருளடக்கம் எழுதப்படாத எம்.பி.4 கோப்பைக் கூட, அதே கருவியில் பதிவான நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொண்டு சீர்செய்யும் மென்பொருள்கள் உள்ளன.

இவற்றுக்கெல்லாம் முன்னர்ச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. டேஷ்கேம் ஒன்று, மூன்று அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யும். அட்டை நிறைந்ததும் பழைய துண்டை அழித்துப் புதியதை எழுதும். அதிர்வை உணர்ந்தால் அத்துண்டை அழியாதபடி பூட்டிவைக்கும். எனினும், நம் சாலைகளின் பள்ளங்களையும் வேகத்தடைகளையும் மோதலென எண்ணிப் பூட்டுவதும் உண்டு. ஆகையால் பூட்டை நம்பியிராமல், அட்டையை உடனே கழற்றி அனைத்தையும் கணினியில் படியெடுக்க வேண்டும். வெட்டுதலும் மாற்றுதலும் அப்படியில் மட்டுமே நிகழ வேண்டும்.

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கான விதிகளைக் கூறுகிறது. அதற்கான சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்ற எண்தொடர். ஒரு பைட்டு மாறினாலும் அது முற்றிலும் வேறாகிவிடும். டப்பாவை மட்டும் மாற்றிய கோப்பில் காட்சி அப்படியே இருப்பினும் ஹாஷ் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினாலோ, கோப்பு மீண்டும் சுருக்கப்பட்டு வண்டிகளின் பதிவெண்ணே மங்கிப்போகலாம். எனவே, தொகுத்த காணொளி பார்ப்பதற்கு மட்டுமே. காவல் நிலையத்தில் காட்ட வேண்டியது கருவி எழுதிய அசல் கோப்பும் அந்த அட்டையும் ஆகும்.