பட்டத்துக்கு நூறு புள்ளி

பொறியியல் மாணவனை முழு மனிதனாக்க முனைந்தது கேரளப் பாடத்திட்டம். ஆனால், ஆர்வத்துக்குப் புள்ளி போட முடியுமா?

கால் ஒடிந்த கட்டில், சக்கரம் சுழலாத ஸ்ட்ரெச்சர், துருவேறிய டிராலி. அரசு மருத்துவமனைகளில் ஒதுக்கிப் போடப்பட்ட இவற்றைத் தேடிப்போய், முகாமிட்டு, பழுது பார்த்து, வர்ணம் பூசி வார்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள் கேரளப் பொறியியல் மாணவர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் இந்த முகாம்களுக்குப் பெயர் 'புனர்ஜனி'.

இத்தகைய உழைப்புக்குப் பட்டத்திலும் இடம் தந்தது திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2014இல் உருவான கேரள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். தும்பாவில் ராக்கெட் பணியில் ஈடுபட்ட ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாமின் பெயரை 2015இல் சூட்டிக்கொண்ட பல்கலைக்கழகம் இது. 2015, 2019 பாடத்திட்டங்களின்படி, நான்காண்டு பி.டெக். மாணவர் விளையாட்டு, கலை, சமூக சேவை போன்றவற்றில் 100 செயல்பாட்டுப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். 2019 திட்டத்தின் 162 கிரெடிட்டில் இதன் பங்கு வெறும் 2. ஆனாலும், எல்லாப் பாடங்களிலும் தேறியவருக்குக்கூட இது இல்லாமல் பட்டம் கிடையாது.

நோக்கம் நல்லதுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி, கல்லூரி மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்து நடத்திய சோதனையை 1971இல் வெளியிட்டார். விடை கண்டதற்குப் பணம் பெற்றவர்கள், பணம் நின்றதும் ஓய்வு நேரத்தில் கட்டைகளைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். கூலி வந்ததும் விளையாட்டு வேலையாகிவிட்டது. புள்ளிகளுக்கும் அந்த ஆபத்து உண்டு. கணக்குக் குறைந்தால், கடைசி ஆண்டில் சேவை போய் சான்றிதழ் வேட்டை தொடங்கும்.

அப்படியானால் எது ஆர்வத்தை வளர்க்கும்? டெசியும் சகா ரிச்சர்ட் ரயனும் மூன்றைச் சொன்னார்கள்: தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை, பிறரோடு உறவு. பாடத்தை வடிவமைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். இதே பல்கலைக்கழகத்தின் 2019 திட்டத்தில் இடம்பெற்ற 'வடிவமைப்பும் பொறியியலும்' பாடம் அதற்கு நல்ல களமாக இருந்தது. தேவையை மாணவரே கண்டறிந்து, வரைந்து, தவறித் திருத்தும் வாய்ப்பு அதில் இருந்தது. பிரச்னையையும் விடையையும் ஆசிரியரே எழுதிப்போட்டால் அது இன்னொரு மனப்பாடம்தான்.

ஸ்ட்ரெச்சரின் சக்கரம் மீண்டும் உருளும்போது, அதன் மேல் யாரோ ஒரு நோயாளி போவார். அவரைப் பார்த்த மாணவருக்கு அந்த வேலை எத்தனை புள்ளி என்று கேட்கத் தோன்றாது. பாடத்திட்டத்தின் வெற்றியும் அங்கேதான்.