ஒரே பேட்ச், எத்தனை புரோகிராம்கள்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் ‘அப்டேட்’ என்ற செய்தி வந்தாலே அதை மூடிவிடுகிறார்கள். திண்டிவனம் பக்கத்தில் உள்ள எங்கள் ஓமந்தூரிலும் இதே கதைதான். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இன்டர்நெட் பயன்படுத்துபவர்களுக்கு, அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிடுமே என்ற கவலை. அது நியாயமான கவலை. ஆனாலும் அந்த அப்டேட்டில் என்ன வருகிறது என்பது தெரிந்தால் அதை ஒதுக்க மாட்டீர்கள். சாப்ட்வேர் லைப்ரரிகளில் பிழை திருத்துவது என் அன்றாட வேலை என்பதால் விளக்குகிறேன்.

லைப்ரரி என்றால் என்ன? திரையில் தெரியும் பட்டன், மெனு, எழுத்து, படம் இவற்றை ஒவ்வொரு புரோகிராமும் தானே வரைவதில்லை. அதற்கென எழுதி வைத்த பொதுவான தொகுப்பிடம் வேலையை ஒப்படைக்கிறது. அதுதான் லைப்ரரி. விண்டோஸில் டி.எல்.எல். என்று முடியும் பைல்கள் பெரும்பாலும் இத்தகையவை. ஊரின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் அழுக்கு இருந்தால் எல்லாக் குழாயிலும் அழுக்குத் தண்ணீர்தான் வரும். தொட்டியைச் சுத்தம் செய்தால் போதும், எல்லாக் குழாயும் சரியாகிவிடும்.

2018 பிப்ரவரியில் இதற்கு ஓர் உதாரணம் கிடைத்தது. தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று மெசேஜில் வந்தால், ஐபோனில் அதைக் காட்ட முயன்ற அப்ளிகேஷன் முடங்கியது. குறை அந்த அப்ளிகேஷனில் இல்லை. எழுத்துகளை வரையும் ‘கோர் டெக்ஸ்ட்’ லைப்ரரியில் இருந்தது. பிப்ரவரி 19 அன்று ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 11.2.6 பதிப்பை வெளியிட்டது. ஒரு லைப்ரரியைத் திருத்தியதும் அதை நம்பியிருந்த அப்ளிகேஷன்கள் சரியாகின. 11.2.5 என்பது 11.2.6 ஆனதைக் கவனியுங்கள். கடைசி எண் மட்டும் மாறினால், பெரும்பாலும் அது பிழை திருத்தப் பதிப்பு.

எல்லாப் பேட்ச்சும் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. 2004 செப்டம்பர் 14 அன்று மைக்ரோசாப்ட், ‘ஜி.டி.ஐ. பிளஸ்’ என்ற வரைகலை லைப்ரரிக்குப் பேட்ச் வெளியிட்டது. திட்டமிட்டுத் தயாரித்த ஒரு ஜேபெக் படத்தைத் திறந்தாலே, அன்னியர் உங்கள் கம்ப்யூட்டரைத் தன்வசப்படுத்தக் கூடிய பிழை அது. விண்டோஸைத் திருத்தியது மட்டும் போதவில்லை. பல புரோகிராம்கள் இந்த லைப்ரரியின் நகலைத் தங்கள் போல்டரிலேயே வைத்திருந்தன. ஆபீஸ் தொகுப்புக்குத் தனிப் பேட்ச் தேவைப்பட்டது. பழைய நகல் உள்ளதா எனத் தேட ஒரு கருவியையும் மைக்ரோசாப்ட் தந்தது. தொட்டியைச் சுத்தம் செய்த பிறகும், வீட்டு டிரம்மில் முன்பே பிடித்து வைத்த தண்ணீர் அப்படியே இருக்கும் அல்லவா? அதே கதைதான்.

பேட்ச் தயாரிப்பவர்களுக்கும் சிரமம் உண்டு. பிழையைத் திருத்துவதற்கு ஒரு நாள் போதும் என்றாலும், அந்த லைப்ரரியை நம்பியுள்ள மற்ற புரோகிராம்கள் கெடாமல் உள்ளனவா என்று சோதிக்கப் பல நாள் ஆகலாம். பிறகு பேட்ச்சுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடுவார்கள். உங்கள் கம்ப்யூட்டர் அதைச் சரிபார்த்த பிறகே இன்ஸ்டால் செய்யும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. விண்டோஸ் பேட்ச்கள் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகின்றன. நமக்கு அது இரவு நேரம். மறுநாள் டேட்டாவை அதற்கென ஒதுக்குங்கள்.

2. டேட்டாவை மிச்சப்படுத்த ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ வைத்திருந்தால், அன்று மட்டும் அதை நிறுத்திவிட்டு, விண்டோஸ் அப்டேட் பகுதியில் ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ பட்டனை அழுத்துங்கள்.

3. விண்டோஸோடு நிறுத்தாமல் பிரவுசர், ஆபீஸ், பட வியூவர் போன்றவற்றையும் தனித்தனியாக அப்டேட் செய்யுங்கள். பயன்படுத்தாத புரோகிராமை நீக்கிவிடுங்கள். அதன் பழைய லைப்ரரி நகலும் பெரும்பாலும் அதனோடு போய்விடும்.

4. ‘டி.எல்.எல். பைல் இல்லை’ என்ற செய்தி வந்தால், ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து அந்த பைலை மட்டும் டவுன்லோட் செய்யாதீர்கள். அந்தப் புரோகிராமை அதன் நிறுவனத் தளத்திலிருந்து மீண்டும் இன்ஸ்டால் செய்வதே பாதுகாப்பானது.