பலகை நிற்பது எதன் பலத்தில்?

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில் இருக்கிறது தேவதானப்பட்டி. அங்கே மஞ்சளாற்றங்கரையில் கோயில் கொண்டுள்ள மூங்கிலணைக் காமாட்சியம்மனுக்கு ஒரு விசேஷம் உண்டு. அடைத்த கதவுக்கே அங்கு பூஜை. உள்ளே இருப்பதைப் பார்க்காமலே பக்தர்கள் நம்பி வணங்குகிறார்கள். தெய்வ காரியத்துக்கு அந்த நம்பிக்கை போதும். ஆனால் சுவரில் பலகை அடிப்பவருக்கு அது போதாது. பின்னால் இருப்பது இன்னதென்று தெரிந்தாக வேண்டும்!

பழைய செங்கல் வீடுகளில் இந்தக் கவலை இல்லை. கட்டும்போதே மாடக்குழியும் சுவரலமாரியும் வைத்துவிடுவார்கள். பிறகு பலகை வேண்டுமானால், துளையிட்டு மரக்கட்டை செருகி ஆணி அறைந்தால் அசையாது. இப்போதோ அறையைத் தடுப்பதற்கு ஜிப்சம் போர்டு வந்துவிட்டது. இதன் மூதாதையான பலகைக்கு அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-இல் காப்புரிமை பெற்றார்.

இரு புறமும் கனத்த காகிதம், நடுவே ஜிப்சம், இவ்வளவுதான் போர்டு. கனம் சுமார் அரை அங்குலம். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸின் ஜாதி என்று சொல்லலாம். நெருப்பைச் சற்று நேரம் தாங்கும். ஆனால் ஆணியைப் பிடித்துவைக்காது. பாரம் ஏறினால் பொடிந்து கைவிட்டுவிடும்.

அப்படியானால் வழி? போர்டின் பின்னால் தகரச் சட்டங்களோ மரச் சட்டங்களோ செங்குத்தாக நிற்கின்றன. சாதாரணமாக அவற்றின் இடைவெளி 40 அல்லது 60 சென்டிமீட்டர். விரலால் தட்டிக்கொண்டே போனால் வெற்றிடத்தில் 'டொப்' என்று ஒலிக்கும். சட்டம் உள்ள இடத்தில் ஒலி இறுகும். சிறு காந்தத்தை நகர்த்தினால், போர்டைச் சட்டத்தோடு பிணைத்த திருகாணிகளின் தலையில் அது ஒட்டிக்கொள்ளும். தாங்கிகளை அந்தச் சட்டங்களில்தான் முடுக்க வேண்டும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி ஓடலாம். அங்கே துளையிடுவது ஆபத்து.

பலகையின் அகலமும் முக்கியம். ஓர் அடி அகலப் பலகையில் 20 கிலோ சாமான் பரவலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாங்கியின் சுவரோரக் கால் 8 அங்குலமானால், மேல் திருகாணிகளைப் பிடுங்கும் விசை மொத்தம் சுமார் 15 கிலோ. கால் 4 அங்குலமானால் அதுவே 30 கிலோ! ஆகவே பலகை குறுகலாகவும் தாங்கி நெடிதாகவும் இருப்பதே நலம்.

சட்டம் இல்லாத இடத்தில், உள்ளே சென்று சிறகு விரிக்கும் போல்ட்டுகள் உதவும். ஆனால் அவை படம், கடிகாரம் போன்ற லேசான பொருள்களுக்கே ஏற்றவை. பாத்திரமும் புத்தகமும் அடுக்க வேண்டுமானால், போர்டை மூடுவதற்கு முன்பே சட்டங்களுக்கிடையே தடித்த பிளைவுட்டைப் பொருத்தச் சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். நீர் படும் சுவரில் போர்டு ஊறிப் பலமிழக்கும். அங்கே இன்னும் ஜாக்கிரதை தேவை.

பாத்திரம் விழுந்தால் நெளிவதோடு போகும். ஆனால் பலகைக்குக் கீழே குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம். எனவே திருகாணியைக் கையில் எடுக்குமுன் சுவரை ஒருமுறை தட்டிப் பாருங்கள்!