நிறைகுடமும் நம் கிணறும்

நம் இல்லங்களில் ஒரு மங்கல காரியம் நிகழுமாயின் வாயிலில் முதலில் வைக்கப்படுவது நிறைகுடமாகும். நெல் பரப்பிய வாழையிலையின்மேல் நீர் நிறைந்த குடம், அதன் வாயில் மாவிலையும் தேங்காயும், இருமருங்கும் குத்துவிளக்கு. ஆலயத்திலும் கும்பத்து நீரிலேயே இறைவனை எழுந்தருளச் செய்கின்றோம். திருவிழா தீர்த்தத்தோடு நிறைவெய்துகின்றது. ஆடி அமாவாசையன்று கீரிமலையில் நீராடிப் பிதிர்க்கடன் செலுத்துகின்றோம். நம் சமய வாழ்வு நீரிலே தொடங்கி நீரிலே முடிகின்றது எனின் மிகையாகாது.

அந்தக் குடத்து நீர் எங்கிருந்து வந்தது? அண்மையில் நம் வகுப்பு மாணவரிடம் இவ்வினாவை எழுப்பினோம். "தாங்கியிலிருந்து" என்றான் ஒருவன். "தாங்கிக்கு?" என்றோம். "மோட்டரிலிருந்து" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்விடை நம் மனத்தை உறுத்திக்கொண்டேயிருந்தது. கிணற்றங்கரையில் நின்று நீர் அள்ளாத பிள்ளைக்குக் கிணறு எப்படி நினைவுக்கு வரும்? அவனுக்கு அதனைச் சொல்லிக் கொடுக்காதவர் நாமன்றோ!

நிலத்தடியில் ஒரு குடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கை ஆறு என நாம் பெருமையோடு கூறுவதும் மாரிகாலத்தில் மட்டுமே ஓடி வற்றிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நம் பெருஞ்செல்வம். அம்மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே கீழிறங்கித் தங்குகின்றது. அடியிலோ கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீர் நிற்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது. உவர்நீர் பாரம் மிகுந்தது. ஆதலின், நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது.

நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை உவர்நீரைத் தாழ்த்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்ந்தோர் வகுத்த கணக்கு. இதன் மறுபுறத்தை மாணவர்கள் சிந்தித்தல் வேண்டும். நாம் மேலே 1 அடியை இறைத்து வீணாக்கிப் பின் மழை அதனை ஈடுசெய்யாதுவிடின், காலப்போக்கில் கீழே உவர்நீர் 40 அடி மேலேறி வர இடமுண்டு. நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் இவ்வுண்மையைக் காணலாம். இராமபிரான் அம்பூன்றித் தோற்றுவித்த நீர் என ஊரார் போற்றும் அக்கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன.

முன்னோர் கண்ட அளவு

நம் முன்னோர் இக்கணக்கை ஏட்டில் படித்தவரல்லர். எனினும் அவர்தம் வாழ்க்கைமுறை இதற்கு இசைந்திருந்தது. துலாவில் ஏறி மிதிப்பவர், பட்டையைப் பிடித்து நீர் ஊற்றுபவர், பாத்திக்குப் பாத்தி நீர் திருப்புபவர் எனப் பலர் கூடினாலன்றித் தோட்டத்திற்கு இறைப்பு நடவாது. இறைப்பவர் களைத்தபோது இறைப்பும் நின்றது. கிணறு மீண்டும் ஊறியது. மனித உடலின் களைப்பே நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது எனலாம்.

ஊர்தோறும் கோயில்தோறும் குளமும் கேணியும் அமைத்தனர். கோடையில் குளத்தைத் தூர்வாரி அம்மண்ணைத் தோட்டத்திற்கு இட்டனர். குளம் ஆழமாயிற்று, பயிருக்கு உரமும் கிடைத்தது, மாரியில் நிரம்பிய குளநீர் நிலத்துள் இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளை வளர்த்தது. பழைய காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமை என எழுதப்பட்டிருக்கும். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்தின.

ஆயினும், பழமை அனைத்தும் பொன் எனக் கூறுதல் நேர்மையாகாது. அப்பங்கிலே இடம் பெறாத மக்களும் நம்மிடையே இருந்தனர். நம் தோட்டத்தில் உழைத்தவர் நம் கிணற்றில் வாளி இட இயலாது, எவரேனும் வந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன் பின்னரும் 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்திற்காக மக்கள் போராட வேண்டியதாயிற்று. நீரைத் தெய்வமென்று வணங்கிய நாமே, அந்நீரை மனிதனுக்கு மறுத்தோம். இஃது எத்துணை முரண்பாடு!

ஓர் ஆச்சியின் கிணறு

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்ததை நம் தலைமுறையினர் மறவார். அப்போது நமக்கு வயது பதினைந்து. மழையில் நனைந்து, இரவெல்லாம் நடந்து, தென்மராட்சியில் ஒரு வீட்டில் ஒதுங்கினோம். அவ்வளவில் பத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள், கிணறோ ஒன்று. மாரி அப்போதுதான் தொடங்கியிருந்தது. கிணற்றில் நீர் மிகவும் கீழே கிடந்தது. முற்பகலுக்குள் அடிக்கல் தெரியும். பின்னர் ஊறும்வரை காத்திருத்தல் வேண்டும்.

அவ்வீட்டு ஆச்சி குடும்பத்திற்கு இத்தனை வாளி என வரையறை செய்தார். தம் வீட்டிற்கும் அதே அளவுதான். வேலிக்கு அப்பால் வாழ்ந்த ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வழக்கம்போல் குடத்தோடு ஒதுங்கி நின்றாள். ஆச்சி சிறிதுநேரம் அவளைப் பார்த்திருந்தார். பின்பு கயிற்றை அவள் பக்கம் நீட்டி, "அள்ளு பிள்ளை. ஆர் அள்ளினாலும் ஊத்து ஒண்டுதான்" என்றார்.

அப்பெண் தயங்கினாள். ஆச்சியின் உறவினர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாமோ யாதும் சொல்லாது நின்றோம். அவள் வாளியை இறக்கினாள்; கப்பி கிறீச்சிட்டது; நீர் வந்தது. வேறொன்றும் நிகழவில்லை. அதன்பின் நாள்தோறும் அவள் தன் முறையில் வந்து தானே அள்ளிச் சென்றாள். அடுத்த ஆண்டில் நாம் ஊர் திரும்பும்வரை அக்கிணறு அத்தனை பேருக்கும் நீர் தந்தது. நூல்களில் நாம் கற்ற சமய பாடங்கள் பல. அவற்றின் பொருள் விளங்கியது அக்கிணற்றங்கரையிலேதான்.

இன்றைய கடமை

இன்று துலா மறைந்தது. விசையை அழுத்தினால் நீர் கொட்டுகின்றது. களைப்பு என்னும் காவல் அகன்றுவிட்டது. தோட்டத்தில் அளவின்றி இட்ட இரசாயன உரமும், கிணற்றின் அருகே வெட்டிய மலகூடக் குழியும் நீரில் நைத்திரேற்றை மிகுவிக்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமிற்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு மிஞ்சியிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அந்நீர் பெருங்கேடு விளைக்கும். காய்ச்சினாலும் அது நீங்காது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று மக்கள் கலங்கி நின்றதும் நினைவிருக்கும். குளங்கள் சில குப்பை கொட்டும் இடங்களாகிவிட்டன.

துலாவுக்குத் திரும்புவோம் என நாம் கூறவில்லை. துலா தந்த அளவை இனி நம் அறிவு தரவேண்டும். கூரை நீரைத் தேக்கி நிலத்துள் இறக்குவோம். பயிருக்கு வேண்டிய அளவே நீரும் உரமும் இடுவோம். மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து விலக்கி அமைப்போம். கோயில் திருவிழாவிற்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை அக்கோயிற் குளத்தைத் தூர்வார ஒதுக்குவோம். அதுவும் இறைபணியே. ஒருவன் மேலே மதில் கட்டலாம். கீழே நீருக்கு மதில் இல்லை. என் வளவில் ஊற்றிய நஞ்சு அயலான் குடத்தில் ஏறும்.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டில் நிறைகுடம் வைக்கும்போது அந்நீரை நீங்களே கிணற்றில் அள்ளி வாருங்கள். அள்ளும்போது சிறிது எட்டிப் பாருங்கள். மேலே உங்கள் முகம் தெரியும். அதன் கீழே ஊர் முழுவதற்கும் உரிய நீர் நிற்கின்றது.