மை வைக்க விரல் இல்லையா? ஓட்டு இருக்கிறது!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது ஃபாக்டரியில் இருக்கிறார். பிரஸ் மெஷினில் கை மாட்டி விரல்களை இழந்தவர்களும் உண்டு. தேர்தல் வந்தால் அவர்களுக்கு ஒரு சந்தேகம்: “மை வைக்க விரலே இல்லையே, நான் எங்கே போய் ஓட்டுப் போடறது?”

தாராளமாகப் போடலாம்! இடது ஆள்காட்டி விரல் இல்லையென்றால் இடது கையின் வேறு விரலில் மை வைப்பார்கள். இடது கையில் விரலே இல்லையா, வலது கை. இரண்டிலும் இல்லையென்றால் கை முடிகிற இடத்தில். 1961-ம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதியிலேயே இது இருக்கிறது. விரல் இல்லை என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

சரி, பட்டனை அழுத்த முடியவில்லை, அல்லது கண் தெரியவில்லை என்றால்? 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். அவர் அன்றைக்கு ஒருவருக்குத்தான் துணையாக இருக்கலாம். ரகசியம் காப்பேன் என்று எழுதியும் தரவேண்டும். இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் தப்பு நடக்கிறது. “அப்பாவுக்கு என்ன தெரியும், நானே பார்த்துப் போட்டுட்டேன்” என்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அழுத்துவது உங்கள் விரலாக இருக்கலாம். சின்னம் அவர் சொல்கிற சின்னம்தான். சக்கர நாற்காலியில் வந்தாலும் தானே அழுத்த முடிகிறவர் என்றால், பூத் வரைதான் நீங்கள். மறைப்புக்குள் அவர் மட்டுமே.

பார்வையில்லாதவர் துணையின்றியும் போடலாம். பட்டன் பக்கத்தில் பிரெயில் எண் உண்டு. பிரெயிலில் அச்சிட்ட வேட்பாளர் பட்டியலை முதலில் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்து, எண்ணை மனசில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘பீப்’ சத்தம் கேட்டால் ஓட்டு விழுந்துவிட்டது.

படுக்கையிலிருந்து எழ முடியாதவருக்கு வீட்டுக்கே வருகிறார்கள். தமிழக சட்டமன்றத் தேர்தலில் 2021-ல் வந்த வசதி இது. 40 சதவீத ஊனத்துக்குச் சான்றிதழ் உள்ளவர்களும், (2024 முதல்) 85 வயது தாண்டியவர்களும் 12-டி படிவம் தரலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் தந்தாக வேண்டும். ஓட்டுப்பதிவு அன்று காலையில் கேட்டால் நடக்காது. வீட்டில் போடுவதாக ஒப்புக்கொண்டபின் பூத்தில் போடவும் முடியாது.

விபத்தில் கை போனவர்கள் கவனிக்க: சம்பாதிக்கும் திறன் இவ்வளவு குறைந்தது என்று இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு போடும் சதவீதம் வேறு, அரசு தரும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. இரண்டாவதைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

“தம்பிக்கு மூளை வளர்ச்சி போதாது, அவனுக்கு எதுக்கு ஓட்டு?” என்று பெயரையே சேர்க்காமல் விடுகிறார்கள். கோர்ட் ‘மனநிலை சரியில்லாதவர்’ என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால்தான் தடை. நீங்களும் நானும் சொன்னால் இல்லை.

வாடகை வீடு மாறி வந்தவர்கள் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றுங்கள். ஊனத்தைப் பதியவும் அதே படிவம்தான். பதிந்தால்தான் அந்த பூத்துக்கு எத்தனை சக்கர நாற்காலி வேண்டும் என்று அதிகாரிகளுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் 1950-க்கு போன் போடுங்கள். ஷிஃப்ட் இருக்கிறதே என்கிறீர்களா? ஓட்டு உள்ள தொழிலாளிக்கு அன்று சம்பளத்தோடு லீவு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.