பிளான் போடாம ஐரோப்பா போக முடியுமா?

நம்ம ஊர்ல பிளான் இல்லாம கிளம்புறது ஒரு விஷயமே இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல உக்கடத்துல போய் நின்னா பொள்ளாச்சி பஸ் இருக்கும். பொள்ளாச்சியில மனசு மாறுனா ஆழியார். இன்னும் மாறுனா 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை. பஸ்ல போறவங்களை யாரும் "எங்க தங்குவீங்க, எப்பத் திரும்புவீங்க"ன்னு கேக்க மாட்டாங்க.

இதே மாதிரி ஐரோப்பாவையும் சுத்தலாம்னு என் பெரியம்மா பொண்ணும் மாமாவும் முடிவு பண்ணாங்க. ரெண்டு பேருக்கும் திருப்பூர்ல வேலை. ஆளுக்கொரு பேக்பேக், 18 நாள் லீவு, பிடிச்ச ஊர்ல இறங்குறது, பிடிக்கலைன்னா அடுத்த ரயில். யூடியூப்ல வர்ற வெள்ளைக்கார ஜோடிகள் அப்படித்தானே போறாங்க? விசாவுக்குக் குடுத்த கடிதத்துல மாமா உண்மையை அப்படியே எழுதிட்டார்: முதல் ஆறு நாள் இந்த ஊர், அதுக்கப்புறம் வானிலையைப் பார்த்து முடிவு செய்வோம்.

ரெண்டு பேருக்கும் விசா மறுத்துட்டாங்க. பயணத்தின் நோக்கமும் தங்கும் விவரமும் நம்பும்படியா இல்லைங்கிற காரணத்துக்கு நேரா டிக் அடிச்சிருந்தது. அக்கா அழுதே விட்டா. "ஏன்டா தம்பி, நாங்க என்ன ஓடியா போகப் போறோம்?"னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அப்பத்தான் உக்காந்து விதிகளைப் படிக்க ஆரம்பிச்சேன். நம்மள்ல நிறையப் பேர் வேலைக்குப் போனதும் இந்தப் பயணத்தைக் கனவு காண்றவங்கதான். அதனால படிச்சதை இங்க எழுதுறேன்.

தடை எங்க இருக்கு?

பணம்தான் தடைன்னு நினைச்சேன். ஆனா கொச்சியில டீக்கடை நடத்துன விஜயன், மோகனா தம்பதியைப் பல பேருக்குத் தெரியும். கடை வருமானத்துல சிறுகச் சேர்த்து, பத்தாததுக்குக் கடன் வாங்கி, 25 நாடுகளுக்கு மேல பார்த்தவங்க. விஜயன் 2021-ல இறந்தார். வயசும் வருமானமும் மட்டும் தடையா இருந்திருந்தா அவங்க வீட்டை விட்டே கிளம்பியிருக்க முடியாது.

நமக்கு இருக்கிற தடை பாஸ்போர்ட்டோட அட்டையில இருக்கு. "சும்மா கிளம்புங்க, வழியில பாத்துக்கலாம்"னு வீடியோவுல சொல்றவர் அமெரிக்காக்காரரா இருந்தா, சுற்றுலாவுக்கு அவருக்கு விசாவே வேண்டாம். அவர் சொல்ற அறிவுரை அவருக்குச் சரி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது செல்லாது.

ஷெங்கன் கணக்கு

1985-ல லக்சம்பர்க் நாட்டு ஷெங்கன் கிராமத்துல கையெழுத்தான ஒப்பந்தம் இது. இப்ப 29 நாடுகள் இதுக்குள்ள இருக்கு. பிரிட்டனும் அயர்லாந்தும் இல்ல. ஒரே விசாவுல 29 நாட்டுக்கும் போகலாம். எந்த 180 நாளை எடுத்துக்கிட்டாலும் அதுல 90 நாளுக்கு மேல தங்கக் கூடாது. நம்ம டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்ல படிச்ச ஸ்லைடிங் விண்டோதான்.

எந்த நாட்டுல அதிக நாள் தங்குறோமோ அந்த நாட்டுகிட்டத்தான் விண்ணப்பிக்கணும். நாள் சமமா இருந்தா முதல்ல நுழையிற நாடு. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கட்டணம் 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய்னு வச்சாலே ஜோடிக்கு 18,000 ரூபாய், விசா மறுத்தாலும் திரும்ப வராது. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேணும். புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் விண்ணப்பம் தனித்தனி, முடிவும் தனித்தனி.

மாமா எங்க தப்புப் பண்ணார்?

வளைஞ்சு குடுக்கிற பிளானும் காலியான பிளானும் ஒண்ணுன்னு நினைச்சதுதான் தப்பு. அவினாசி ரோட்டுல 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் போகுதே, அதை முழு நீளத்துக்கும் ஒரே கான்கிரீட்டா ஒட்டிக் கட்டல. வெயிலுக்கு விரியறதுக்கு நடுநடுவுல எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் விட்டிருக்காங்க. ஆனா அந்த இடைவெளி எங்க வரணும்னு கட்டுறதுக்கு முன்னாடியே டிராயிங்ல இருக்கும். பயணத்துலயும் எது இறுக்கம், எது தளர்வுன்னு முதல்லயே பிரிச்சு வச்சிடணும்.

இறுக்கமா இருக்க வேண்டியவை: நுழையிற தேதி, திரும்புற தேதி, முக்கியமான நாடு, எல்லா ராத்திரிக்கும் தங்குற இடம். தங்குற இடத்தை இலவசமா ரத்து பண்ற வசதியோட புக் பண்ணலாம். விமான டிக்கெட்டுக்கு முன்பதிவு போதும், விசா வர்றதுக்கு முன்னாடி முழுப் பணத்தையும் கட்டிட வேண்டாம். பொய்ப் பிளான் எழுதச் சொல்லல. இன்னைக்குக் கேட்டா நீங்க நிஜமா போக நினைக்கிற வழி எதுவோ அதைத்தான் எழுதணும். நடுவுல ரெண்டு நாள் இடம் மாறுனா பிரச்சனை இல்ல. ஒரு நாட்டுல விசா வாங்கி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காம இருந்தாத்தான் சிக்கல்.

தளர்வா விடக்கூடியவை: நடுவுல வர்ற ஊர்கள், அங்க போற ரயில்கள். ரயில்ல ஒரு விஷயம் கவனிக்கணும். முன்கூட்டியே எடுக்கிற மலிவு டிக்கெட்டுகள் பெரும்பாலும் ஒரே ஒரு குறிப்பிட்ட ரயிலுக்குத்தான் செல்லும். எந்த ரயில்லயும் ஏறலாம்ங்கிற டிக்கெட் விலை அதிகம். இதுக்கு நடுவுல இருக்கிறதுதான் யூரெயில் பாஸ். ஐரோப்பாவுக்கு வெளிய இருக்கிறவங்களுக்கான இந்தப் பாஸ் 33 நாடுகள்ல செல்லும். உதாரணமா ஒரு மாசத்துக்குள்ள ஏதாவது 7 நாள்னு வாங்கலாம். 27 வயசு வரைக்கும் தள்ளுபடி உண்டு, நமக்கு இன்னும் நேரம் இருக்கு. ஜெர்மனியோட ஐசிஇ ரயில்கள்ல பாஸ் இருந்தா முன்பதிவு இல்லாமலே பொதுவா ஏறிக்கலாம். பிரான்சோட டிஜிவி, ஸ்பெயினோட ஏவிஇ ரயில்கள்ல பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியா காசு கட்டி முன்பதிவு பண்ணணும். அதனால மனசு போன போக்குல சுத்தணும்னா ஜெர்மனிப் பக்கம் சௌகரியம். லக்சம்பர்க்ல 2020 மார்ச்லிருந்து பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசம், ரயில் முதல் வகுப்பு மட்டும் காசு.

ஸ்டிக்கர்ல பார்க்க வேண்டியது

விசா வந்ததும் முதல்ல மூணு விஷயம் பாருங்க. செல்லுபடியாகும் தேதிகள், தங்கும் நாள்கள், எத்தனை முறை நுழையலாம். முதல் ரெண்டும் ஒண்ணு இல்ல. பொதுவா தேதி இடைவெளியில 15 நாள் கூடுதலா குடுப்பாங்க. 18 நாள் தங்க விசான்னா, 33 நாள் இடைவெளிக்குள்ள ஏதாவது 18 நாள். லீவு நாலு நாள் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம், ஆனா 19-வது நாள் தங்க முடியாது. ஒருமுறை நுழைவுன்னு இருந்தா நடுவுல லண்டன் போயிட்டுத் திரும்ப பாரிஸ் வர முடியாது. 2025 அக்டோபர் 12-லிருந்து பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலா கைரேகையும் முகமும் பதிவு பண்ற முறை படிப்படியா வர ஆரம்பிச்சது. நாளை இனி கம்ப்யூட்டரே எண்ணும்.

ஒழுங்கா போயிட்டு வந்தா அடுத்தது சுலபம். 2024 ஏப்ரல்ல இந்தியர்களுக்குன்னே ஒரு விதி வந்தது. மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு விசா வாங்கி முறையா பயன்படுத்தியிருந்தா, 2 வருஷத்துக்குப் பலமுறை நுழையிற விசா கிடைக்க வழி இருக்கு. அப்ப இந்த ஃபைல் தொல்லையெல்லாம் நிறையக் குறையும்.

ரெண்டாவது தடவை ஃபைலை நான்தான் தயார் பண்ணேன், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. ஒரு கட்டமும் காலி இல்ல. போன வாரம் பாஸ்போர்ட் வந்துச்சு: 18 நாள், ஒருமுறை நுழைவு. அக்கா வீட்டுக்குப் போனப்ப ஃப்ரிட்ஜ் மேல அதே அட்டவணையை ஒட்டியிருந்தா. ஒன்பதாம் நாள்லிருந்து பன்னிரண்டாம் நாள் வரைக்கும் இருந்த ஊர்ப் பேர்களுக்குப் பக்கத்துல மட்டும் பென்சில்ல சின்னதா ஒரு கேள்விக்குறி போட்டிருந்தா.