வீட்டு வரியும் ஊர்ப் பள்ளியும்

அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களில், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் போதாவிட்டால் சொத்து வரியை உயர்த்தலாமா என்று வாக்காளர்களையே வாக்குச் சீட்டில் கேட்பது வழக்கமாய் இருக்க, அண்ணாகிராமம் ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில் ஓட்டு வீட்டுக்கோ மாடி வீட்டுக்கோ வரி கட்டும் குடியானவரை அப்படி யாரும் கேட்பதில்லை. அதனால் பள்ளிக்கூட விஷயத்தில் தமக்குக் குரலே இல்லையென்று அவர் எண்ணிவிடுவது வீண் நஷ்டம்.

வரி ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியோடு, ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்ந்திருக்கும். கல்வி வரி இராது. 1920-ஆம் வருஷத்துச் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டத்தில் இடம்பெற்ற அந்த வரி, இன்று நகராட்சி எல்லைக்குள் சொத்து வரியோடு வசூலாவது. கிராமத்து வீட்டு வரியோ குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் போகிறது. பள்ளியின் பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று எழுதியிருப்பினும், ஆசிரியர்கள் 1981 முதல் அரசு ஊழியர்களாகிவிட்டபடியால் அவர்கள் சம்பளம் சர்க்கார் கஜானாவிலிருந்தே வருகிறது. கட்டடப் பராமரிப்பு மட்டும் ஒன்றியத்தின் பொறுப்பு. ஆகவே ஒழுகும் கூரைக்கு ஆசிரியரைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

வாக்குச் சீட்டுக்கு நிகரான சாதனம் நம்மிடமும் உண்டு. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவை வகுத்து, அது தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசும் உள்ளாட்சியும் தரும் மானியத்துக்கு ஆதாரம் என்று சொல்லியிருக்கிறது. தீர்மான நோட்டில் “வகுப்பறை ஓடு மாற்ற வேண்டும், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும்” என்று தேதியிட்டு எழுதுவதற்குரிய பலம், டீக்கடையில் பேசித் தீர்க்கும் குறைக்கு ஒருநாளும் வராது. எழுதப்படிக்கத் தெரிந்தவர் வாசித்துக் காட்டிய பிறகே மற்றவர்கள் கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கம் எங்கிருந்தாலும் மறுத்துவிட வேண்டும்.

அந்தத் தீர்மானத்தைக் கிராம சபைக்கும் கொண்டுபோகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபைக்கு, 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊரில் நூறு பேர் வந்தால்தான் குறைவெண் நிறையும். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலரிடம் போனபோதும், சபையில் வரவு செலவைக் கேட்கும் உரிமை ஜனங்களை விட்டுப் போகவில்லை. தீர்மானத்தின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சேர்க்கையின்போது ‘நன்கொடை’ என்று கட்டாயமாய்க் கேட்டால் அது சட்டவிரோதம். வசூலித்ததைப்போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. மனமுவந்து கொடுப்பது வேறு, அதற்கும் ரசீது வேண்டும். வரி கட்டும்போதும் ரசீதில்லாமல் பணத்தைக் கொடுக்கலாகாது. சபையில் கேட்ட வரவு செலவுக் கணக்கு கிடைக்கவில்லையானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுச் செய்ய, முப்பது நாளில் பதில் வரவேண்டும். பிள்ளையின் கல்வி உரிமையே பாதிக்கப்பட்டிருந்தால் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் அது முடிவு சொல்ல வேண்டும், அந்த முடிவில் திருப்தியில்லாதவர் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.